ஏழாம் நாள் பாட்டில்: "பொறுத்திரு" என்ற அறிவுரை பற்றிச் சில குறிப்புகள்

வீட்டில் முதல்முறை பீர் காய்ச்சியவர் யாரிடமாவது பேசிப் பாருங்கள். ஏதாவது சரியில்லை என்று நீங்கள் வாயைத் திறந்ததுமே வரும் பதில் ஒன்றுதான்: "இன்னும் மூணு வாரம் விட்டு வை, சரியாயிடும்." நுரை இல்லையா, விட்டு வை. கசப்பு தூக்கலா, விட்டு வை. பெயின்ட் வாசமா, அதுவும் விட்டு வை. நம்ம ஊரில் எந்த வியாதிக்கும் கஷாயம் போட்டுக் கொடுக்கும் பாட்டி மாதிரி, இந்தத் துறையில் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து காலம்.

இந்த அறிவுரை எவ்வளவு தூரம் உண்மை, எங்கே பொய்யாகிறது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். கூடவே இந்தத் துறையின் இரண்டு முக்கியமான புத்தகங்கள், ஒரு மதிப்பெண் தாள் ஆகியவை மீது எனக்கிருக்கும் விமர்சனத்தையும். சாட்சியாக என் முதல் தொகுதி பீர், 48 பாட்டில்.

முதலில் ஒரு விஷயம். நான் இருப்பது அமெரிக்காவில், மிச்சிகனில். இங்கே வீட்டில் சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்சுவது சட்டப்படி சரி. ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபர் 14 அன்று கையெழுத்துப் போட்ட சட்டம் அது. ஒரு வீட்டில் வயது வந்தவர் ஒருவர் என்றால் வருஷத்துக்கு 100 காலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ என்றால் 200 காலன் வரை வரி கிடையாது. விற்கக் கூடாது. மாநிலங்கள் தனித்தனியாக அனுமதிக்க வேண்டியிருந்ததால் கடைசி இரண்டு மாநிலங்களான மிசிசிப்பியும் அலபாமாவும் 2013இல்தான் வழிக்கு வந்தன. தமிழ்நாட்டில் இது சட்டவிரோதம். அங்கிருந்து வாசிப்பவர்கள் வாசிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

என்ன செய்தேன்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2.7 கிலோ உலர்ந்த மால்ட் சாறு, கஸ்கேட் ஹாப்ஸ், 11 கிராம் பாக்கெட் ஏல் ஈஸ்ட். மொத்தம் 19 லிட்டர். ஆரம்ப அடர்த்தி 1.052. இரண்டு வாரம் பேஸ்மென்ட்டில் 19 டிகிரி சுமாரில் நொதித்து 1.013இல் நின்றது. வித்தியாசத்தை 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் தோராயமாகக் கிடைக்கும்: 5.1. அடியில் தங்கிய வண்டலை விட்டுவிட்டு மேலே இருந்ததை டியூப் வைத்து இறக்கி, 110 கிராம் சாதாரண வெள்ளைச் சர்க்கரையைக் காய்ச்சிக் கலந்து, பழுப்பு பாட்டில்களில் ஊற்றி மூடினேன்.

அந்தச் சர்க்கரை எதற்கு என்று கேட்கலாம். பாட்டிலில் கலங்கலாக மிஞ்சியிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று கார்பன் டை ஆக்சைடு விடும். மூடியிருப்பதால் வாயு வெளியே போக முடியாமல் பீரிலேயே கரையும். இதைத்தான் பாட்டில் கண்டிஷனிங் என்கிறார்கள். கணக்கு எளிது. ஒரு லிட்டர் பீரில் ஒரு லிட்டர் வாயு கரைந்திருந்தால் அது "ஒரு வால்யூம்". 20 டிகிரியில் நொதித்து முடிந்த பீரில் ஏற்கனவே 0.85 வால்யூம் சுமாருக்கு இருக்கும். பேல் ஏல் வகைக்கு 2.4 வேண்டும். குறைவது 1.55. ஒரு வால்யூமுக்கு லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை. மீதியை நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

கைநூல்கள் எல்லாம் அறை வெப்பத்தில் இரண்டிலிருந்து மூன்று வாரம் என்கின்றன. எனக்குப் பொறுமை ஏழு நாள்தான் இருந்தது.

அறுத்த பரங்கிக்காய்

அப்போது அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். தூத்துக்குடி மாவட்டத்துக்காரர், எழுபது தாண்டியவர். ஏழாம் நாள் சாயங்காலம் ஒரு பாட்டிலை ஃபிரிட்ஜில் குளிரவைத்துத் திறந்தேன். 'உஸ்' என்று சத்தம் வந்ததே பெரிய சந்தோஷம். நுரை வந்தது, அரை நிமிஷத்தில் அடங்கிவிட்டது. மோந்து பார்த்தேன். புதுசாய் சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் அடித்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி ஒரு வாசம். குடித்தால் கசப்பு ஒரு பக்கம், தித்திப்பு ஒரு பக்கம், ரெண்டும் பேசிக்கொள்ளாத பங்காளிகள் மாதிரி தனித்தனியாக நின்றன.

கையில் மதிப்பெண் தாள் வைத்திருந்தேன். 1985இல் தொடங்கிய பீர் நடுவர் சான்றிதழ் அமைப்பு, பிஜேசிபி என்பார்கள், வீட்டு பீர்ப் போட்டிகளுக்காக வைத்திருக்கும் தாள். மொத்தம் 50. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. தாளின் ஓரத்தில் குறைகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எப்படி மணக்கும் என்று விளக்கம். அசிட்டால்டிஹைடு: பச்சை ஆப்பிள். டைஅசிட்டைல்: வெண்ணெய். ஆக்சிஜன் பட்டது: ஈர அட்டை, பழைய காகிதம். இப்படிப் போகும்.

பச்சை ஆப்பிள் வருகிறதா என்று மூன்று தடவை மோந்தேன். வரவில்லை. அதனால் அசிட்டால்டிஹைடு இல்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

அப்பா கையிலிருந்த டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றி மோந்துவிட்டுச் சொன்னார்: "ஏல, பரங்கிக்காய அறுத்து வச்ச வாசம்லா அடிக்கி. இதையா காசு குடுத்து செஞ்ச?"

சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். ராத்திரி தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அசிட்டால்டிஹைடு வாசத்தைப் பயிற்சி பெற்ற நாக்குகள் விவரிக்கப் பயன்படுத்தும் சொற்களில் பச்சை ஆப்பிளுக்கு அடுத்தபடியாக வருவது அப்போது அறுத்த பரங்கிக்காய். அதற்கடுத்து எமல்ஷன் பெயின்ட். அதாவது அப்பா சொன்னதும் சரி, என் மூக்கு சொன்னதும் சரி. எங்கள் இரண்டு பேர் மூக்கும் கண்டுபிடித்ததை, தாளில் இருந்த ஒரு சொல்லை நம்பி நான்தான் ரத்து செய்திருக்கிறேன்.

இதுதான் மதிப்பெண் தாள் மீது என் முதல் விமர்சனம். மார்டன் மைல்கார்டும் மற்றவர்களும் 1970களில் பீரின் சுவைச் சக்கரத்தை உருவாக்கியதன் நோக்கமே, ஆலைகளில் வேலை செய்பவர்கள் ஒரே பொருளுக்கு ஒரே பெயர் சொல்ல வேண்டும் என்பதுதான். நல்ல நோக்கம். ஆனால் அங்கே சொல்லோடு சேர்த்து அந்த ரசாயனத்தை அளந்து கலந்த பீரையும் கொடுத்து மோந்து பழகச் செய்வார்கள். சொல் ஒரு ஞாபகக் குறி, அவ்வளவுதான். வீட்டில் காய்ச்சுபவர் கையில் வந்து சேர்வது சொல் மட்டும். புளிப்பான பச்சை ஆப்பிளை மதிய உணவு டப்பாவில் கொண்டுபோய் வளர்ந்தவருக்கு அது வேலை செய்யும். எழுபது வருஷத்தில் பச்சை ஆப்பிளை ஒரு தடவைகூடக் கடித்திராத ஒருவருக்கு அது வெறும் எழுத்து. தாள் "உனக்கு இது எதை ஞாபகப்படுத்துகிறது?" என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு பெயரைக் கொடுத்திருக்கலாம்.

தாளுக்கு இன்னொரு ஓட்டை உண்டு. பீருக்கு எத்தனை நாள் வயது என்று எழுத அதில் இடமே இல்லை. போட்டிக்கு வரும் பீர் தயாரான பீர் என்று எடுத்துக்கொள்கிறது. போட்டிக்கு அது நியாயம். கற்றுக்கொள்ள வந்தவனுக்கோ முதல் கேள்வியே வயதுதான்.

அன்று நான் போட்ட மார்க்: 5, 2, 9, 2, 4. மொத்தம் 22. "நல்லது" என்ற வகுப்பின் அடிமட்டம் 21. ஒரு மார்க்கில் தப்பித்தேன்.

இரண்டு ஆசிரியர்கள்

சரி, புத்தகங்களுக்கு வருவோம்.

சார்லி பாப்பாஸியனின் 'தி கம்ப்ளீட் ஜாய் ஆஃப் ஹோம்ப்ரூயிங்' 1984இல் வந்தது. அணுப் பொறியியல் படித்துவிட்டு, கொலராடோவின் போல்டரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே சாயங்காலம் பெரியவர்களுக்கு பீர் காய்ச்சக் கற்றுக் கொடுத்தவர். 1978இல் அமெரிக்க வீட்டு பீர்க்காரர்கள் சங்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். அந்தப் புத்தகம் முழுக்க ஒரே குரல்தான்: பதறாதே, இது சமையல்தான், நீ கெடுத்துவிட மாட்டாய். அந்தக் காலத்துக்கு அந்தக் குரல் தேவையாகவும் இருந்தது. கையெழுத்துப் போட்ட மை காயாத சட்டம், கடைகளில் எப்போது தயாரானது என்றே தெரியாத ஈஸ்ட் பாக்கெட், 'வீட்டுச் சரக்கு' என்றாலே முகம் சுளிக்கும் ஜனங்கள். பயத்தைப் போக்கியதுதான் அவருடைய சாதனை. இன்று அமெரிக்காவில் சிறு பீர் ஆலை நடத்தும் எத்தனையோ பேர் அந்தப் புத்தகத்தில்தான் ஆரம்பித்தார்கள்.

ஜான் பால்மர் வேறு மாதிரி ஆள். உலோகவியல் பொறியாளர். 'ஹவ் டு ப்ரூ' புத்தகத்தை 2000இல் இணையத்தில் இலவசமாகவே போட்டார். நான்காம் பதிப்பு 2017இல் வந்தது. ஒவ்வொரு அறிவுரைக்கும் காரணம் சொல்வார். ஈஸ்ட் ஏன் இதைச் செய்கிறது, வெப்பம் ஏறினால் எது கூடும், தண்ணீரில் கால்சியம் என்ன பண்ணும் என்று. அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது, தப்பாய்ப் போனதைத் திருத்திக்கொள்வது. ஆரம்பத்தில் முதல் நொதித்தல் அடங்கியதும் பீரை இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றுவது வழக்கமான படியாகவே இருந்தது. செத்த ஈஸ்ட் மேல் பீர் கிடந்தால் கெட்டுவிடும் என்ற பயம் அதற்குக் காரணம். ஆலைகளின் உயரமான தொட்டிகளில், கீழே அழுத்தமும் சூடும் சேரும்போது அது உண்மையான பயம்தான். 19 லிட்டர் வாளியில் மூன்று வாரத்துக்கு அதே பயம் தேவையில்லை. மாற்றும்போது உள்ளே போகும் ஆக்சிஜன்தான் அதைவிடப் பெரிய தொல்லை. சாதாரண ஏல் வகைகளுக்கு மாற்ற வேண்டாம் என்று பால்மர் பிறகு வெளிப்படையாகவே சொன்னார். இந்த மாதிரி சொந்த வார்த்தையை வாபஸ் வாங்கும் எழுத்தாளர்கள் எந்தத் துறையிலும் குறைவு.

என் குறை என்னவென்றால், பாப்பாஸியனின் "பதறாதே"யும் பால்மரின் காரணங்களும் சேர்ந்து பொதுப்புத்திக்குள் போகும்போது, காரணங்கள் உதிர்ந்துவிட்டு "பொறுத்திரு" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தச் சொல்லை யாராலும் தோற்கடிக்க முடியாது. மூன்று வாரத்தில் சரியானால் "சொன்னேன்ல?" சரியாகவில்லையா, "இன்னும் ரெண்டு வாரம்." எப்படிப் பார்த்தாலும் ஜெயிக்கிற ஜோசியம் இது. ஜோசியத்தோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு அடுத்த தொகுதியை எப்படித் திருத்துவது?

காலம் எதை ஆற்றும், எதை ஆற்றாது

பீரின் குறைகளை எழுதி வைத்து, ஒவ்வொன்றுக்கும் "காத்திருந்தால் என்ன ஆகும், ஏன்?" என்று கேட்டுப் பார்த்தேன். மூன்று குவியலாகப் பிரிந்தது.

முதல் குவியல், ஈஸ்ட் உயிரோடு இருந்தால் ஆறுபவை. அசிட்டால்டிஹைடு இதில் தலையானது. சர்க்கரை ஆல்கஹாலாக மாறும் பாதையில் கடைசிக்கு முந்தைய நிறுத்தம் அது. ஈஸ்ட் முதலில் அதை வெளியே விட்டுவிட்டு, பிறகு திரும்ப எடுத்து ஆல்கஹாலாக முடிக்கும். பாட்டிலில் நாம் போடும் சர்க்கரையாலும் இதே கதை குட்டியாக ஒரு தடவை நடக்கும். ஏழாம் நாள் என் பாட்டிலில் அடித்த பரங்கிக்காய் வாசத்தில் ஒரு பங்கு இதுவாகவே இருக்கலாம். இங்கே "விட்டு வை" என்பது முழுக்கச் சரி. டைஅசிட்டைலும் அப்படித்தான், ஈஸ்ட் அதைத் தின்றுவிடும். ஆனால் அதற்கு முந்தைய பொருள் ஈஸ்ட்டின் துணையில்லாமலே மெதுவாக டைஅசிட்டைலாக மாறும். ஈஸ்ட் தூங்கிவிட்டால் நாளாக நாளாக வெண்ணெய் வாசம் கூடவும் செய்யும். நுரையும் இந்தக் குவியல்தான், வாயு உண்டாகவும் கரையவும் நாள் வேண்டும்.

இரண்டாவது, காலத்துக்குச் சம்பந்தமே இல்லாதவை. குழாய்த் தண்ணீரின் குளோரினோடு மால்ட்டின் ஃபீனால்கள் சேர்ந்தால் ஆஸ்பத்திரி வாசம் வரும், பிளாஸ்திரி மாதிரி. அது எத்தனை மாதமானாலும் அங்கேயேதான் இருக்கும். வேகவைத்த சோளத்தின் வாசம், டிஎம்எஸ் என்பது, திறந்து கொதிக்கும்போது ஆவியோடு போயிருக்க வேண்டியது. மூடிய பாட்டிலில் அதற்கு வாசல் கிடையாது. அழுகிய முட்டை வாசமும் அப்படித்தான். நொதிக்கும் வாளியில் பொங்கிவரும் வாயு அதை அள்ளிக்கொண்டு வெளியேறும். பாட்டிலை மூடியபின் எங்கே போகும்? வெயில் பட்ட பீர் இன்னொன்று. ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளியில் உடைந்து ஒரு கந்தகச் சேர்மம் ஆகிவிடும். பழுப்பு பாட்டில் அதற்குத்தான். நல்ல வெயிலில் சில நிமிஷம் போதும், நடந்தது நடந்ததுதான்.

மூன்றாவது குவியல்தான் முக்கியம். காத்திருந்தால் மோசமாகிறவை. பாட்டிலில் அடைக்கும்போது புகுந்த ஆக்சிஜன் வேலையைத் தொடர்ந்துகொண்டே இருக்கும், சூட்டில் இன்னும் வேகமாக. ஹாப்ஸின் மணம் ஒவ்வொரு வாரமும் குறையும். கிருமி புகுந்திருந்தால் புளிப்பு ஏறும்.

இந்த மூன்றாவது குவியலில் ஆபத்தான ஒன்றும் இருக்கிறது. நொதித்தல் முடியாமல் பாட்டிலில் அடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அடர்த்தி மானியில் இரண்டு புள்ளி மிச்சமிருந்தால் சுமார் ஒரு வால்யூம் வாயு கூடும். என் பீர் 1.013இல் நிற்க வேண்டியது. நான் அவசரப்பட்டு 1.018இல் அடைத்திருந்தால் 2.4 என்பது ஐந்தை நெருங்கியிருக்கும். சாதாரண பீர் பாட்டில் அதற்குச் செய்யப்பட்டதில்லை. கண்ணாடி வெடித்தால் கண்ணுக்கு ஆபத்து. திறந்ததும் பீய்ச்சி அடிக்கும் பாட்டிலை வைத்துக்கொண்டு ஒருத்தர் கேட்கிறார், "விட்டு வை, அடங்கிடும்" என்று பதில் சொல்கிறோம். இந்த இடத்தில் அந்த அறிவுரை அசட்டுத்தனம்கூட இல்லை, ஆபத்து. சொல்ல வேண்டிய பதில்: எல்லாவற்றையும் உடனே ஃபிரிட்ஜில் வை, துண்டு போட்டுத் திற.

அப்பாவிடம் இந்தக் காத்திருக்கும் கதையைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு. அவர் சின்ன வயதில் பார்த்த பனைமரத்துக் கணக்கே வேறு. பாளையிலிருந்து சொட்டும்போதே நொதிக்க ஆரம்பித்துவிடும். நொதிக்காமல் பதநீராக வேண்டும் என்றால் கலயத்தில் சுண்ணாம்பு தடவ வேண்டும். தடவாவிட்டால் கள். காலையில் தித்திப்பு, சாயங்காலம் கடுப்பு, மறுநாள் காடியாகப் போகிற வழி. "அங்க பொறுத்திருந்தா போச்சு. இங்க பொறுத்திருந்தாத்தான் வருமாக்கும்" என்றார். கொதிக்கவைத்து, ஹாப்ஸ் போட்டு, ஒரே ஒரு ஈஸ்ட்டை உள்ளே விட்டு மூடுகிற வேலைக்குத்தான் பொறுமை பலன் தரும். அந்தப் பலனுக்கும் ஒரு உச்சி உண்டு, அதைத் தாண்டினால் இறக்கம்தான். பேல் ஏலுக்கு அந்த உச்சி எங்கே என்பதுதான் கேள்வி.

மாறியது பீரா, நானா?

ஆறாவது வாரம் மறுபடி மார்க் போட்டேன். 8, 3, 13, 4, 7. மொத்தம் 35. "மிக நல்லது." பரங்கிக்காய் காணோம். கசப்பும் தித்திப்பும் ராசியாகிவிட்டன. 13 மார்க் ஏற்றம். "சொன்னேன்ல?" என்று எல்லாரும் சொல்வது காதில் விழுந்தது.

ஆனால் இந்த ஆறு வாரத்தில் அநேகமாக இருபது பாட்டில் நானே குடித்திருக்கிறேன். வேறு யாருடைய பீரையும் இவ்வளவு விடாமல் குடித்ததில்லை. தன் பிள்ளை முகம் எந்த அப்பனுக்கும் பழகப் பழக அழகாகிவிடும். மாறியது பீரா, என் நாக்கா?

நல்லவேளை, ஏழாம் நாளே ஒரு காரியம் செய்திருந்தேன். ஆறு பாட்டிலை 4 டிகிரி ஃபிரிட்ஜில் தள்ளிவைத்தேன். அந்தக் குளிரில் ஏல் ஈஸ்ட் கிட்டத்தட்டத் தூங்கிவிடும். அதாவது அந்த ஆறும் ஏழாம் நாளிலேயே நின்றுபோனவை, மற்றவை 42 நாள் அறை வெப்பத்தில் முதிர்ந்தவை. ஒரே வாளி, ஒரே நாள் அடைத்தது.

ஆலைகளில் முக்கோணச் சோதனை என்று ஒன்று செய்வார்கள். மூன்று டம்ளர், இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒரு பங்கு சரியாக வரும். நண்பர்கள் நான்கு பேர் வந்தார்கள், ஆளுக்கு இரண்டு தடவை, மொத்தம் எட்டு. நிறம் தெரியாமல் இருக்க எவர்சில்வர் டம்ளர். இரண்டு பீரையும் ஒரே குளிருக்குக் கொண்டுவந்தேன். நுரை வித்தியாசம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் டீக்கடை மாதிரி நாலைந்து தடவை ஆற்றி வாயுவைப் போக்கினேன். ஊற்றியது என் மனைவி, எது எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். நான் சோதனையில் உட்காரவில்லை.

எட்டில் ஆறு தடவை சரியாகச் சொன்னார்கள். எட்டு முயற்சியில் ஆறோ அதற்கு மேலோ தற்செயலாக வருவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு சுமார். ஆகவே வித்தியாசம் உண்மைதான், பீர் மாறித்தான் இருக்கிறது. நாலே பேர், அவர்களே இரண்டாம் தடவையும் சொன்னார்கள், ஆற்றியதில் வாசனையும் கொஞ்சம் போயிருக்கும் என்பதெல்லாம் தெரியும். இதை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுத முடியாது. வீட்டுக்குப் போதும்.

பிறகுதான் விஷயம். சரியாகச் சொன்னவர்களிடம் எது பிடித்தது என்று கேட்டேன். ஆறு தடவையில் மூன்று தடவை முதிர்ந்தது, மூன்று தடவை ஏழாம் நாள் பீர்!

நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. ஒருத்தன் விளக்கினான்: "மச்சி, இதுல ஏதோ பச்சை வாசம் இருக்கு, சரிதான். ஆனா அதோட சாத்துக்குடித் தோல் வாசம் ஒண்ணு வருது பாரு, அது இன்னொண்ணுல இல்ல." சாத்துக்குடித் தோல் என்று அவன் சொன்னது கஸ்கேட் ஹாப்ஸின் மணம். அந்த மணத்துக்காகத்தான் அந்த ஹாப்ஸைத் தேடி வாங்கினேன். பரங்கிக்காய் போகட்டும் என்று காத்திருந்த ஆறு வாரத்தில் சாத்துக்குடியும் சேர்ந்து போய்விட்டது. ஏற்றத்தை மட்டும் எழுதிய என் 35 மார்க்கில் இந்த இழப்பு தெரியவே இல்லை. கூட இருந்தே பழகியதால் அது போனது எனக்கு உறைக்கவில்லை.

அப்புறம் என்ன செய்வது

காலம் ஒரே சமயத்தில் இரண்டு வேலை பார்க்கிறது, குறையையும் அள்ளுகிறது, குணத்தையும் அள்ளுகிறது. இரண்டும் வெவ்வேறு வேகம். "பொறுத்திரு" என்ற அறிவுரை முதலாவதை மட்டும் சொல்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், பாட்டிலில் நடக்க வேண்டியதில்லாத வேலையைப் பாட்டிலுக்குத் தள்ளிவிடுகிறது. அசிட்டால்டிஹைடைத் தின்ன ஈஸ்ட் வேண்டும் என்றால், அதிக ஈஸ்ட் இருக்கும் இடம் வாளி. பாட்டிலில் இருப்பது அதில் ஒரு துளி. வாளியில் அடர்த்தி இறங்கி நின்ற பிறகு இன்னும் மூன்று நாலு நாள், கொஞ்சம் சூடான மூலையில் விட்டிருந்தால், பரங்கிக்காயில் பெரும்பங்கு அங்கேயே முடிந்திருக்கும். பாட்டிலில் நுரைக்கு மட்டும் காத்திருந்து, இரண்டாவது வாரத்தில் எல்லாவற்றையும் குளிரில் வைத்திருந்தால் சாத்துக்குடியும் மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது தொகுதியை அப்படித்தான் செய்தேன். மூடியில் தேதி எழுதினேன். வாரத்துக்கு ஒன்று திறந்து, தாளில் மார்க் போடுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைப் பேப்பரில் என் பாஷையில் வந்ததை எழுதினேன். பதினாறாம் நாள் பாட்டிலுக்கு எழுதியது: "சாத்துக்குடித் தோல், சுட்ட பிஸ்கட், காய்கறி எதுவும் இல்லை." மார்க்கு 34. முதல் தொகுதியின் ஆறாம் வாரத்தைவிட ஒன்று குறைவு. எனக்கு இது அதைவிடப் பிடித்தது. இந்த முரண்பாட்டைத் தாள் தீர்க்காது, நானும் தீர்க்கப் போவதில்லை.

முதல் தொகுதியின் கடைசி பாட்டிலை, பேஸ்மென்ட் அலமாரியில் மறந்துபோய்க் கிடந்ததை, ஐந்தாவது மாதம் திறந்தேன். மூக்குக்கு வந்தது ஈர அட்டைப்பெட்டி. மழைக்காலத்தில் பரண்மேல் நனைந்த அட்டைப்பெட்டியை இறக்கிய யாருக்கும் அந்த வாசம் தெரியும். தாளின் சொற்களில் இது ஒன்று மட்டும் எனக்கு முதல் தடவையிலேயே புரிந்தது. அப்பாவுக்கு போனில் சொன்னேன். "நான் அன்னைக்கே குடிச்சு முடிச்சிருப்பேன்லா" என்றார்.